பெட்டிக்குள் கச்சான்

செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.
அதற்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டை,
நெத்திலிக் கூடையில் சீலாவை
வால் மடக்கித் திணித்த மாதிரி
வைத்திருக்கிறேன்.

தடைக்காலம், பத்தொன்பதாம் நாள்.
பாம்பன் தெற்குவாடியில் படகுகள்
ஒன்றன்மேல் ஒன்று தோள் சாய்த்துக் கிடக்கின்றன.
இரவு பதினொன்றுக்குக் கீழக்கரையிலிருந்து
நௌசாத் கூப்பிடுகிறான்.
மூன்றாவது சுற்றில் படம் திக்குகிறது.
எதிரி நடக்கிறான், நிற்கிறான்,
அடுத்த நொடி என் மூக்கருகே இருக்கிறான்.
"செத்துட்டியாடா மறுபடியும்?"
திரையின் மூலையில் எண்பத்தொன்பது டிகிரி.

நான் எஞ்சின் ஓட்டுகிறவன்.
படகில் சூடேறினால்
கடலே குழாய் வழி வந்து வாங்கிக்கொள்ளும்,
விலாவில் வெந்நீராய்த் துப்பும்.
இந்தப் பெட்டிக்குக் கடலைக் காட்டவே கூடாது.
போன வருடம் ஜன்னலோரம் வைத்த பழையதின்
திருகாணிகள் பிஸ்கட்டாய் உதிர்ந்தன,
அலுமினியத் தகடுகளில் வெள்ளை பூத்தது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு.
ஆற்றுகிற காற்றேதான் அரிக்கிறது.

அதனால் ஜன்னலைச் சாத்தினேன்.
விசிறிகள் வாங்கினேன்.
கீழே ஒன்று உள்ளே ஊதியது,
பக்கத்தில் ஒன்று உள்ளே ஊதியது,
மேலே ஒன்று, அதுவும் உள்ளே.
காற்று அதிகம் வந்தால் நல்லதுதானே?
எண்பத்தொன்பது தொண்ணூற்றொன்றானது.

விடுப்பில் வந்திருந்த ஜோவிட்டா,
மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம்,
தூக்கம் கெட்ட எரிச்சலில் எழுந்து வந்தாள்.
கொசுவர்த்திச் சுருளைத் தட்டோடு தூக்கிப்
பெட்டியைச் சுற்றித் தூபம் காட்டினாள்.
புகை கீழே நுழைந்தது.
பக்கத்தில் நுழைந்தது.
மேலே நுழையப் போய், தயங்கி,
உள்ளேயே சுருண்டது.
"இழுத்துக்கிட்டே இருக்கு.
எப்பத்தான் விடும்?"
போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான்கு திருகாணிகள்தான்.
மேல் விசிறியை மல்லாத்திப் போட்டேன்.
அடியில் நான்கு வலை மிதவை கொடுத்துத் தூக்கினேன்.
கிழிந்த கொசுவலையில் ஒரு துண்டு, வடிகட்டி.
கேபிள்களை நங்கூரக் கயிறாய் ஓரத்தில் சுருட்டினேன்.
செயலியின் தலையில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிவிட்டு
பட்டாணி அளவு புதியது.
கீழிருந்து ஏறுவது சோழகம்.
பக்கத்திலிருந்து வருவது கச்சான்.
இரண்டும் உள்ளே வெந்து, கலந்து
மேலே போகிறதே,
அதற்கு எங்கள் கரையில் பேர் இல்லை.

எழுபத்து நாலு.

அப்புறம் ஒன்று, இது படகு சொன்னது.
கடைசிக் கால்வாசி ரேஸ் டீசலைத் தின்னும்,
வேகம் தராது.
கார்டின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடுங்கினேன்.
அது கவனிக்கவேயில்லை.
அறுபத்தெட்டு.

பெட்டி குளிர்ந்துவிட்டது.
இப்போது அறை வேகிறது.
ஜோவிட்டா தூக்கத்தில் போர்வையை உதைக்கிறாள்,
சுவரில் பல்லிகூட இடம் மாறுகிறது.
சூடு எங்கும் போய்விடவில்லை,
எங்கள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

எழுந்து ஜன்னலை
ஒரு சாண் திறக்கிறேன்.
கச்சான், உண்மையான கச்சான்,
உப்போடு வருகிறது.
பெட்டியை ஒரு முழம் உள்ளே நகர்த்துகிறேன்.
ஹெட்போனில் நௌசாத்:
"டேய், இருக்கியா?"

இருக்கேன்.
இன்னும் நாற்பத்திரண்டு நாள்.