முப்பத்தைந்து சதவீதம்

நாலு ரோட்டில் எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
'ஜெராக்ஸ்' என்று ஓர் அட்டை, கயிற்றில்.
பரீட்சைக்கு முந்தின நாள்
அந்த அட்டைகூடத் தேவையில்லை,
பஸ் ஸ்டாப் வரை வரிசை நிற்கும்.

"அக்கா, மைக்ரோ" என்பார்கள்.
அதற்குமேல் சொல்ல வேண்டாம்.
முப்பத்தைந்தில் அடித்துக் கத்தரியால் நறுக்கினால்
சட்டைக் கையில் ஒரு யூனிட்,
சாக்ஸில் ஒரு யூனிட்.
சுந்தரவடிவேல் அண்ணன் எதற்கென்று கேட்பதில்லை.
நான் கேட்டால் என்னைக் கடை வாடகை கேட்கும் என்பார்.
இதே மெஷின் பெரிதாக்கவும் செய்யும்,
இருநூறு வரை.
அந்தப் பொத்தான் மட்டும் இன்னும் புதுசாகவே இருக்கிறது.

மெஷின் சூடாக நாற்பது நொடி.
ஐம்பது பக்கம் ஓட மூன்று நிமிடம் சொச்சம்.
என் படிப்பெல்லாம் அந்தச் சந்துகளில்தான்.
கெட்டுப்போன தாளின் பின்பக்கம் ஒரு கணக்கு,
பாதியில் ஆள் வந்தால்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுவேன்.
திரும்பி வந்ததும்
மறுபடி முதல் வரியிலிருந்து.
போன் ஏ த்ரீ கட்டுக்கு அடியில் இருக்கிறது.
எடுக்க ஐந்நூறு தாளைத் தூக்க வேண்டும்.
முதல் வாரம் தூக்கினேன்.

கணக்கு இரண்டில் எனக்கு அரியர்.
போன வருடம் முப்பத்தொன்று,
அதற்கப்புறம் இருபத்தெட்டு.
வரிசையில் நிற்பவர்களுக்கு இது தெரியாது.

நேற்று எட்டரைக்கு நவநீதன் வந்தான்,
விரலில் தட்டுவடை செட்டின் சிவப்புச் சட்னியோடு.
பதினாறு பக்கம். கணக்கு இரண்டு.
எனக்கும் அதே பேப்பர், அதே பத்து மணி.
ஏழாம் பக்கத்தில் தாள் சிக்கியது.
பக்கக் கதவைத் திறந்து இழுத்தேன்,
விசிறி மடிப்பாய் வந்தது.
அவனுக்கு வேறு அடித்துக் கொடுத்தேன்.
கசங்கியதைக் கூடைக்கு நீட்டிய கை
பாதி வழியில் என் பைக்குத் திரும்பியது.

கண்ணங்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம்.
அஸ்தம்பட்டி தாண்டியதும்
ஏற்காட்டு மலையில் ஒரு வண்டியின் விளக்கு
வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து ஏறியது.
உள்ளங்கையில் இன்டக்ரேஷன் மொத்தமும்.
இது போதும், நாளைக்கு இது போதும்.
சும்மா, பார்க்காமல் வருகிறதா என்று
மூன்றாவது கணக்கை நோட்டு அட்டையில் போட்டேன்.
விடை வேறு.
எனக்கு எப்போதும் வேறாகத்தான் வரும்.
மறுபடி போட்டேன். அதே வேறு.
வீட்டில் எல்லாரும் படுத்தபின்
சமையல்கட்டு வெளிச்சத்தில் இன்னொரு முறை.
அப்போதுதான் கண்ணில் பட்டது,
இரண்டாம் வரியில்
கழித்தல் இருக்க வேண்டிய இடத்தில்
நவநீதன் கூட்டல் போட்டிருக்கிறான்.
கொசுக்கால் அளவு ஒரு குறுக்குக் கோடு.

ஒரு தாள் தப்பு, நான் சரி.
இருபது வயதில் இது எனக்குப் புதிது.
தூக்கம் போய்விட்டது,
மிச்சம் இருந்த நாலையும் போட்டேன்.
காலையில் அந்தப் பிட்டை
எங்கே வைத்தேன் என்று தேடவில்லை.

பாலிடெக்னிக் வாசலில் நவநீதன்
சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.
"மூணாவது கணக்கு, ரெண்டாவது லைன்.
கூட்டல் இல்லப்பா, கழித்தல்."
என் ஹால் டிக்கெட்டைப் பார்த்தான்.
ச. குயிலி என்ற பெயரை, போட்டோவை,
மறுபடி என்னை.
"நேத்தே சொல்லியிருக்கலாம்ல, அக்கா?"
நேற்று எனக்கும் தெரியாதே.

குனிந்து, எடுத்து, திருத்தப் பார்த்தான்.
பேனா முனை அந்த வரியைவிடப் பெரிது.
மேல்வரியும் கீழ்வரியும் சேர்ந்து
ஒரு நீலப் பொட்டாகிவிட்டது.
அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மணி அடித்தது.
படியேறும்போதுதான் கவனித்தேன்,
பென்சில் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.