கடைசிப் பத்து நிமிடம்

லியபாயாவில் டிசம்பர் இருபத்து நான்கு,
நாலு மணிக்கெல்லாம் இருட்டு.
கடல்காற்று ஜன்னலைப் பல்லால் கடிக்கும்.
அண்ணன் ஐவிஸ் பரணிலிருந்து
பழைய டெக்கை இறக்குவான்.
கேசட்டைத் தள்ளியதும் அது ஒருமுறை இருமும்.
“உயிரோடுதான் இருக்கு” என்பாள் அம்மா.

படம் ஒன்றும் பிரமாதமில்லை.
ஒரு கணக்கர், உயிருள்ள ஒரு வாத்து,
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே
நின்றுபோன லிஃப்ட்.
கூட மாட்டிக்கொண்டவர்
அவர் மனைவியின் முதல் கணவர்.
வெளியான வருடம் தியேட்டரில் ஈ ஓட்டினார்களாம்.
மலிவாகக் கிடைத்ததென்று டிவிக்காரர்கள் வாங்கி
யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்த இரவில் போட்டார்கள்.
அந்த இரவில்தான்
ஊரே வீட்டில் இருந்தது.

சிரிப்புக்கு நாங்கள் காத்திருப்பதில்லை.
வாத்து தொப்பியைக் கொத்துவதற்கு
ஒரு மூச்சு முன்பே சிரித்துவிடுவோம்.
“இது என் வாத்து இல்லை” என்று கணக்கர் கத்தும்போது
அவர் குரல் எங்கள் குரலில் மூழ்கியிருக்கும்.

லிஃப்ட் நிற்கும்போது சாம்பல் பட்டாணியை அடுப்பில் வை.
முதல் கணவர் அழத் தொடங்கினால்
பன்றிக்கொழுப்பை வதக்கு.
அம்மாவின் சமையல் நோட்டில்
நிமிடக் கணக்கே கிடையாது.

நடுவில் விளம்பரம் வரும். ஓட்டிவிடக் கூடாது.
தொண்ணூற்று நான்கில் இன்னும் திவாலாகாத ஒரு வங்கி,
சிவப்பு உதட்டோடு ஒரு பெண், வாருங்கள் வாருங்கள் என்பாள்.
“என் நானூறு லாட்டைக் குடுத்துட்டுப் பேசு!”
மாமா இல்க்வர்ஸ் மேசையை ஓங்கித் தட்டுவார்.
அவர் போய் ஆறு வருடம்.
இப்போதும் அந்த இடத்தில் யாராவது தட்டிவிடுகிறோம்.
தட்டாவிட்டால் அவள் போகமாட்டாள்.

அப்புறம் லிஃப்ட் கதவில் கடப்பாரை நுழையும்,
ஒரு கீற்று வெளிச்சம்,
வாத்து கழுத்தை நீட்டும்,
கேசட் தீர்ந்துவிடும்.
அன்று அம்மா அவசரப்பட்டுப் பட்டனை அழுத்தியதில்
வானிலை அறிக்கை முன்னால் ஏறிக்கொண்டது.
முப்பது வருடமாக நாங்கள்
என்றோ கரைந்த பனியை முழுதாகவும்
படத்தைக் குறையாகவும் பார்க்கிறோம்.

திரை நீலமானதும் யாராவது முடிவு சொல்லவேண்டும்.
ஒரு வருடம் வாத்து மேயரானது.
என் விவாகரத்து வருடத்தில் என் முறை வந்தது.
எல்லோரையும் லிஃப்டிலேயே விட்டுவிட்டேன்.
ஒருவரும் பேசவில்லை.
அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி பட்டாணி வைத்தாள்.

இந்த வருடம் ஐவிஸ் கூட்டிவந்தவள் ஹெலேரி, எஸ்தோனியாக்காரி.
“அட, இதை நான் முழுசா பார்த்திருக்கேனே!”
மேசையில் கரண்டிகள் நின்றன.
ஐவிஸ் அவள் வாயைப் பொத்தாத குறை.

நீலம் வந்தது.
பார்க்காததுபோல் எல்லோரும் அவளைப் பார்த்தோம்.
அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.
“கதவு திறந்தா வெளியே கடல்.
ஐந்தாம் மாடியில கடல்.
முதல்ல வாத்து இறங்கும்,
அப்புறம் முதல் கணவர், ஷூவைக் கையில எடுத்துக்கிட்டு.
கணக்கர் மட்டும் உள்ளேயே நின்னு
ஆழம் எவ்வளவுன்னு கேட்பார்.”
அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எனக்குத் தெரியும்.
நவம்பரில் தூக்கம் வராத ஓர் இரவில்
போனில் தேடி, போர்வைக்குள் திருடிபோல்
அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டேன்.
கதவு திறக்கும். படிக்கட்டு. மனைவி.
முத்தம். பெயர்கள்.
வாத்து எங்கே போனதென்று
எடுத்தவர்களுக்கே மறந்துபோயிருந்தது.

ஹெலேரி என் பக்கம் திரும்பினாள்,
கண்ணில் ஒரு சின்னக் கேள்வியோடு.
மிஞ்சும் ஒவ்வொரு பட்டாணியும்
வரும் வருடத்தின் ஒரு துளிக் கண்ணீர் என்பார்கள் இங்கே.
கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினேன்,
ஆளுக்குப் பாதி.

டெக் தானாகவே பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது,
அந்தப் பழைய பனியை நோக்கி.