மாதிரி எண் 117

பாலித்தீன் பையோடு பயிரைப் பிடுங்கி வந்து
என் மேசையில் வைத்தார் பக்கிரிசாமி.
நட்டு இருபத்திரண்டு நாள். நுனி கருகி,
வேரில் இன்னும் தலைஞாயிற்றுக் களி.
"பாத்து எழுதிக் குடுங்கம்மா. உப்புன்னு எழுதுங்க.
அமாவாசை ராத்திரி அந்த சூசைநாதன்
ஷட்டரை எறக்கலைன்னும் எழுதுங்க."

இரண்டாவதை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

வேரில் ஓர் இழை கிள்ளிச் சாயம் ஏற்றி
நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன்.
லென்ஸுக்குக் கீழே செங்கல் செங்கலாய் அறைகள்.
சுவர் தெரியும்.
சுவரை ஒட்டிக் கிடக்கும் சவ்வு தெரியாது.
விலகினால்தான் அது இருந்ததே தெரியும்.

பத்தாயிரம் அடுக்கினால் ஒரு முடியின் பருமன்.
இரண்டே வரிசை, எண்ணெய்க் குடும்பத்து மூலக்கூறுகள்.
தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது.
வாலும் வாலும் நடுவில் ஒதுங்கிக்கொள்ள
தலைகள் இரண்டு பக்கமும் நனைந்து நிற்கும்.
ஆணி இல்லை, கலவை இல்லை.
தண்ணீருக்குப் பயந்தே கட்டிய வீடு அது.

எங்கள் ஆற்றில் வேறு கணக்கு.
தலைமடை தளும்பி வழியும் மாதத்திலும்
வால் கையேந்திக்கொண்டே இருக்கும்.
இந்த வருஷம் அதற்கும் தண்ணீர் வந்தது,
கடலிலிருந்து.

உப்புநீர் ஒரு சொட்டு விட்டால்
உயிருள்ள அறை சுருங்கும், சவ்வு சுவரைவிட்டு நழுவும்.
நல்ல தண்ணீர் விட்டால் திரும்பி வந்து ஒட்டும்.
செத்தது எதற்கும் அசையாது.
ஒரு சொட்டு விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன்.

அமாவாசை ராத்திரி சூசைநாதன் எங்கே என்று
எனக்குத் தெரியும்.
ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டாவது கட்டில்.
மூன்றாவதில் நான், என் மகனோடு.
ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே பேதி.
அவன் மகள் பிரின்சிக்கு மூன்று வயது;
வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால்
கிள்ளிய மாதிரியே நின்றது.
உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக்கொண்டு
ஸ்பூன் ஸ்பூனாக, எண்ணி எண்ணி, ஊட்டினான்.
ஒருமுறை மட்டும் வாசலைப் பார்த்து,
யாரிடமோ போல,
"எட்டு மணிக்கு ஓதம் ஏறும்" என்றான்.
பிறகு அடுத்த ஸ்பூன்.

சொல்லியிருக்கலாம் அவனிடம்.
அவள் குடலின் ஒவ்வொரு அறையிலும் ஒரு கதவு உண்டு,
சர்க்கரை தனியே வந்தால் திறக்காது.
இரண்டு உப்பு ஒரு சர்க்கரையின் கையைப் பிடித்து வந்தால்
உள்பக்கம் திரும்பும்,
கூப்பிடாமலே தண்ணீர் பின்னால் போகும்.
காவலுக்கு ஆள் போடாத மதகு அது.
சொல்லவில்லை. என் மகன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

விடிகாலை நாலு மணிக்கு
பிரின்சி அவன் லுங்கியை நனைத்தாள்.
அவன் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.
மனைவியிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு
ஈர லுங்கியோடு டிவிஎஸ்ஸை உதைத்தான்.
அதற்குள் அடப்பாறு
பக்கிரிசாமி வயலில் படுத்திருந்தது.

நாற்பதில் பதினொன்று சுருங்கின.
நல்ல தண்ணீர் விட்டதும் பதினொன்றும் திரும்பின.
"முழுசா போகலைங்க.
நல்ல தண்ணி கட்டி வடிங்க, கட்டி வடிங்க,
ரெண்டு மூணு தடவை. ஜிப்சம் போடுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"வடிய விடணும்னா
அந்தப் பயதானேம்மா ஷட்டரைத் தூக்கணும்."

"ஆமாங்க."

மின்கடத்துத்திறன் 6.8 என்று எழுதி முத்திரை குத்தினேன்.
அவன் எங்கே இருந்தான் என்பதைச் சொல்ல
வாய் வரைக்கும் வந்தது. சொன்னேன்.
அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"புள்ள எப்படி இருக்கு?"
"நல்லா இருக்கு."
"ம்" என்றார். புகாரைக் கிழிக்கவில்லை,
சட்டைப்பையிலேயே இருந்தது.

ஸ்லைடு காய்வதற்குள் ஒருதரம் பார்க்கச் சொன்னேன்.
ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல்
இரண்டையும் மூடிக்கொண்டு குனிந்து
"தெரியுதும்மா" என்றார்.