திரும்பி வரும் ஒளிக்கு

இரவு பதினொன்றே கால். கோட்டையூர்க் கொட்டகை.
இரண்டு கிலோவாட்டைத் தொட்டு
நாற்பது நிமிடம் நின்ற இழை
சத்தமே போடாமல் எரிந்தது.

ஒரு வெள்ளைப் பொறி
மூலத்தைப் பார்த்து நடந்தது,
நொடிக்கு ஒரு மீட்டர்,
வாடகை கேட்டு வருகிறவரின் நடை.
அடைக்கலம் சுவிட்சைத் தட்டுவதற்குள்
ஒன்பது மீட்டர் போய்விட்டது.
கருகிய அக்ரிலேட் வாசம் மட்டும்
என் தலைமுடியில் வீடு வரை வந்தது.

மூன்று நாள் கூட்டியைத்தான் சந்தேகித்தேன்.
ஏழு இழைகளை ஒன்றாக உருக்கி
இழுத்து மெலியவைத்த இடம்.
பதினெட்டு மில்லிமீட்டர்க் கூம்பு, நான் வரைந்தது.
குற்றம் சொல்ல வசதியான இடம்.
வெட்டினேன், ஒட்டினேன், மறுபடி வெட்டினேன்.
ஒட்டில் இழப்பு அரை சதவீதம்கூட இல்லை.

நான்காம் நாள் நுண்ணோக்கியில்
உள்ளகத்தின் நடுவே
தோட்டா முனை போலக் குமிழிகள்,
வரிசை குலையாமல்.
தடம் பிடித்துப் போனால்
கூட்டி வரவில்லை,
வெளிமுனை வந்தது.

அன்று வெட்டக் கொடுத்திருந்தது
தேவகோட்டை ரசாக் பாயின் பித்தளைத் தகடு.
இரும்பு வாங்கி வைத்துக்கொள்ளும்.
பித்தளை அசலைத் திருப்பித் தரும்.
வாங்கிக்கொள்ள நான்தான் ஆள் வைக்கவில்லை:
வரவுக்குப் பத்தியே இல்லாத பேரேடு
என் வரைபடம்.

இந்த ஊர் வீடுகளில்
தலைவாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்.
அதே நேர்கோட்டைத்தான்
கண்ணாடிக்குள்ளும் போட்டிருக்கிறேன்,
போனது போன வழியே வரும்படி.

இப்போது முனையில் ஒரு சிலிக்கா உருளை,
ஒளி அகன்று வெளியேற.
அதற்குப் பின்னால் பதினோரு சென்டிமீட்டருக்கு
உறையின் தோலை அமிலத்தில் சொரசொரப்பாக்கினேன்.
உள்ளகத்தைத் தவறவிட்டு உறைக்குள் நுழைவது
அங்கே கசிந்து
செம்புக் கட்டையில் சூடாக இறங்கிவிடும்.
கட்டைக்குள் ஓடத் தண்ணீர் வேண்டும்;
ஊரே மெச்சும் ஊற்றுநீர் சில்லருக்கு ஆகாது,
அயனி நீக்கியதைக் கேனில் வாங்கினோம்.
பில்லைப் பார்த்து உமையாள் முகம் சுளித்தாள்.

வெள்ளிக்கிழமை. அதே பித்தளை.
திரும்பி வந்தது நூற்று நாற்பது வாட்.
கட்டையைக் கடந்த தண்ணீர்
இரண்டு டிகிரி ஏறிற்று.
அவ்வளவுதான்.
கைதட்ட ஒன்றும் இல்லை,
நடக்காமல் போனதற்கு யார் கைதட்டுவார்கள்?

ரசாக் பாய் மட்டும்
வெட்டின விளிம்பை விரலால் தடவிப் பார்த்து,
"அடுத்து செம்பு கொண்டாரட்டுமா?" என்றார்.

செம்பு இன்னும் அதிகமாகத் திருப்பித் தரும்.
பதில் சொல்லாமல்
பென்சிலைச் சீவிக்கொண்டேன்.