சிரிக்க வேண்டிய இடம்

பாலக்கோட்டில் அதற்கு முன்
அத்தனை வெளிச்சத்தில் யாருக்கும் கல்யாணம் நடந்ததில்லை.
மணவறையைப் பிரித்துவிட்டு
மஞ்சள் சோபா போட்டிருந்தார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை ஓர் அட்டை.
ஒரு பக்கம் ‘சிரிப்பு’, மறுபக்கம் ‘கைதட்டல்’.
கேமராவுக்குக் கீழே குந்தியிருந்து
சென்னைக்காரர் தொடையில் தட்டினால் தூக்க வேண்டும்.
எழுநூறு ரூபாய், பிரியாணி.
சிரிப்பவர்களுக்கு முந்நூறு, பிரியாணி.

“பல்லு நல்லா இருக்கிறவங்க முன்னாடி வாங்க”
அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் கேட்டாள்.
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.
எண்ணூறு அடிக்குக் கீழிருந்து ஏறிவரும் தண்ணீர்
எங்கள் முன்பற்களுக்குப்
புளியங்கொட்டைத் தோலின் நிறத்தைக் கொடுத்திருக்கிறது.
போட்டோவுக்கு உதட்டால் சிரிப்போம்.
மீறி வந்தால் கை தானாக மேலே போகும்.
கடைசியில் நர்சிங் காலேஜிலிருந்து
வெளியூர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை
வேன் வைத்துக் கூட்டிவந்தார்கள்.

“வாய்விட்டுச் சிரிச்சா நோய்விட்டுப் போகும்”
ஒத்திகை பார்த்தார் தொகுப்பாளர்.
நோயே வாயிலதானப்பா என்றது ஒரு குரல்.
நல்ல ஜோக்.
மைக் இன்னும் ஓடவில்லை.

அவர் வந்தார், ஜீன்ஸில்.
ஐந்து வருடத்தில் அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான்,
கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாக.

“அண்ணே, தொகுதிப் பக்கம் உங்களைக் காணோம்கறாங்களே?”
“நான் போட்ட ரோட்டைத் தேடிட்டிருந்தேம்ப்பா.
இன்னும் கிடைக்கல.”
தொடை. அட்டை. மண்டபம் குலுங்கியது.

அந்தச் சொல் எங்களுடையது.
மாரண்டஅள்ளி சாலையில் மறியல் செய்த அன்று
மூன்று மணி நேர வெயிலில் விளைந்த வசவு.
பஸ் கண்ணாடியில் சுண்ணாம்பால் அதை எழுதிய
முனிரத்தினத்தின் வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது.
அதே சொல் இப்போது சோபாவில்
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.
இனி இவரைத் திட்டுவதற்கு
எந்தச் சொல்லை எங்கே போய்க் கடன் கேட்பது?

“பாலக்கோடுன்னாலே பயம்ணே,
ஜோக் சரியில்லன்னா தக்காளி பறக்கும்.”
“பறக்கட்டும். கிலோ மூணு ரூபாதானே,
எறியக் கட்டுப்படியாகும்!”

தொடை. அட்டை.
நர்சிங் பிள்ளைகள் சிரித்தார்கள்.
மாதம்மாள் சிரிக்கவில்லை.
பறிகூலிக்குக் கட்டாமல்
முக்கால் ஏக்கரை ஆடுகளுக்கு அவிழ்த்துவிட்டு
நேற்றுத்தான் வேலியை மூடியவள்.
கேமரா அவள் பக்கம் திரும்ப
அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.
அவள் அட்டையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

முடிவில் இசையைத் தாழ்த்தினார்கள்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார், குரலை இறக்கினார்.
“இது சிரிக்கிற விஷயமில்ல.
இந்தத் தடவை நான் வந்தா
வீட்டுக்கு வீடு நல்ல தண்ணி.”
அட்டை என் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

அப்போதுதான் வந்தது.
பின்வரிசையிலிருந்து,
கையால் மூடாமல், முந்தானையைத் தேடாமல்,
அத்தனை பல்லும் அத்தனை வெளிச்சத்தில் தெரிய,
இருமல் வந்து நிற்கும்வரை
மாதம்மாள் சிரித்தாள்.
‘கட்’ என்றார்கள்.
நல்ல தண்ணியை இன்னொரு முறை எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு.
தக்காளி மண்டியில் தராசை நிறுத்திவிட்டு
மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கூலிக்குப் பெட்டி அடுக்க அவளும் வந்திருந்தாள்.
‘கட்டுப்படியாகும்’ என்று அவர் முடித்ததும்
முழுத் திரையில் மாதம்மாள்,
விழுந்து விழுந்து.
பல்லை மட்டும் எப்படியோ வெளுத்திருந்தார்கள்.

“நான் அங்க சிரிக்கலையே, சென்றாயா”
என்றாள் என்னிடம்.
பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு
நாக்கால் முன்பல்லை
ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.