முப்பத்திரண்டு டேப்

வடிகான் என் வாசலுக்கு வரவில்லை.
ஃபெலிசியா வீட்டு மதிலோடு நின்றுவிட்டது,
பேச்சைப் பாதியில் விழுங்கிய ஆள் மாதிரி.
போன கார்த்திகை மழைக்கு
அந்த வாயால் வந்த தண்ணீர்
தையல் மெஷினின் கால்மிதிவரை ஏறி
மூன்று கல்யாணச் சட்டைகளை நனைத்துப் போனது.

சந்தியில் பலகை நிற்கிறது:
பாலையூற்று, மூன்றாம் ஒழுங்கை, வடிகான் அமைப்பு,
வேலை பூர்த்தி.
தொகை இருந்த இடத்தில்
யாரோ டியூஷன் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.
நகத்தால் சுரண்டினேன்.
பெயின்டும் சேர்ந்து வந்தது.

ஒரு ஞாயிறு, வெயில் ஏறுமுன்
கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு
கானுக்குப் பக்கத்தில் குந்தினேன்.
அறுபது அங்குலம், ஒரு சோக்குக் கோடு.
அறுபது அங்குலம், இன்னொரு கோடு.
"அக்கா, ரோட்டுக்குச் சட்டை தைக்கிறீங்களா?"
சைக்கிளை நிறுத்திக் கேட்டான் றொசாந்தன்.
எண்பத்தாறாவது கோடு
ஃபெலிசியாவின் மதிலில் முட்டியது.

திங்கள் சபைக்குப் போனேன்.
தகவல் அலுவலர் யார் என்றதற்கு
மூன்று மேசைகள் ஒன்றையொன்று பார்த்தன.
நாலாவது மேசை
சோற்றுப் பார்சலை மூடிவைத்துவிட்டு
"என்னத்துக்கு உங்களுக்கு இது?" என்றது.

படிவத்தை மேலிருந்து கீழே
விரலால் தடவிக் காட்டினேன்.
பெயர் இருக்கு. விலாசம் இருக்கு.
என்ன தகவல் என்று இருக்கு.
ஏன் என்று ஒரு கட்டம் இல்லை, சேர்.

அந்த "இல்லை"யை
பஸ் ஸ்டாண்ட் வரும்வரை சொல்லிப் பார்த்தேன்.
ஏன் போறாய், ஏன் வாறாய்,
ஏன் பையில் இவ்வளவு நூல்,
எல்லாத் தடையிலும்
பதிலைக் கையில் பிடித்து நின்ற ஆள் நான்.
காரணம் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்க
இத்தனை வயது ஆகியிருக்கிறது.

அப்போது மான் வந்தது.
திருகோணமலை மானுக்குக் கூச்சம் கிடையாது.
வாழைப்பழத் தோல், லொத்தர் சீட்டு, எதையும் தின்னும்.
கையிலிருந்த பற்றுச்சீட்டை இழுத்து
என்னைப் பார்த்தபடியே மென்றது.
திரும்பிப் போய் இன்னொரு பிரதி கேட்டேன்.
"முதல் தந்தது எங்கே?"
"மான் தின்றுவிட்டது."
அந்தப் பதிலை மட்டும்
கந்தோர் சந்தேகிக்காமல் ஏற்றுக்கொண்டது.

பதினாலு வேலை நாள்.
போயா, சனி, ஞாயிறு கழித்து
கலண்டரில் புள்ளி வைத்தேன்.
புள்ளிகள் முடிந்தன, தபால்காரன் வரவில்லை.
மேன்முறையீடு என்ற சொல்லை
எழுத்துக்கூட்டி எழுதிப் பழகினேன்.

கடைசியில் வந்தது.
கடிதம் தமிழில் தாமதத்துக்கு வருந்தியது.
மதிப்பீட்டுத் தாள் சிங்களத்தில் இருந்தது.
அளவு பார்க்க வந்திருந்த குசுமலதா,
அரைகுறையாய்த் தைத்த சட்டையோடு,
அக்குளில் குண்டூசி குத்தக் குத்த
நின்றபடி வாசித்தாள்.
"நீளம்..." என்று அவள் தொடங்குமுன்
நான் இலக்கத்தைக் கண்டுவிட்டேன்.
நூற்றெண்பது மீற்றர்.

மீற்றரை அடியாக்கி, அடியை டேப்பாக்கி,
கடித உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
நூற்றுப் பதினெட்டு.
குசுமலதா எண்பத்தாறைக் கழித்துப் பார்த்தாள்.
மறுபடி கழித்துப் பார்த்தாள்.
"அனே" என்றாள்,
அது குண்டூசிக்கா தெரியாது.

யாராவது துணி தந்தால்
மிச்சத்தை, சாண் அகலத் துண்டானாலும்,
மடித்துச் சட்டைக்குள் வைத்துக் கொடுப்பேன்.
கேட்கமாட்டார்கள்.
கேட்காததால் அது என்னுடையது ஆகாது.

இரண்டாவது படிவம் மெஷின் மேல் கிடக்கிறது.
என்ன தகவல் என்ற கட்டத்தில்
இப்படி எழுதியிருக்கிறேன்:
மிச்சம் முப்பத்திரண்டு டேப் கான்
வெட்டியதா, வெட்டாததா,
வெட்டியதென்றால்
யாருடைய அளவுக்கு.

வாடைக்காற்று திரும்பிவிட்டது.
மெஷினின் நாலு காலுக்கும் அடியில்
செங்கல் வைத்திருக்கிறேன்.