தலைக்கணக்கு

காட்பாடியில் டயர் கடைக்கு மேல் மாடி.
மார்மன் சபை என்று போர்டு பார்த்துப் படிப்பவர் குறைவு;
ஆட்டோக்காரர்களுக்கு இது
‘வெள்ளைச் சட்டை சர்ச்.’

மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாசம்.
ஒரு துண்டு ரொட்டி, கட்டைவிரல் உயரக் கப்பில் தண்ணீர்,
அதோடு சரி.
பஞ்சர் ஒட்டும் ரப்பர் வாசனை மட்டும்
எல்லோருக்கும் வயிறாரக் கிடைக்கிறது.

விரும்பியவர் எழுந்து சாட்சி சொல்லலாம்.
“இந்தச் சபை உண்மையென்று அறிவேன்” என்று
அம்மா காதில் ஓத ஓதச் சொல்லிவிட்டு
ஐந்து வயது ஜோவன்னா இறங்கிவிட்டாள்.

இப்போது மைக் என் கையில்.
நான் அறிந்தது கொஞ்சம்.
ஆசைப்படுவதைச் சொல்லட்டுமா?

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று
விரல் நீட்டித் தலை எண்ணுகிறான் நெகேமியா.
முப்பத்தொன்று.
எழுத்தர் வேலை ஆண்களுக்கு.
திங்கள் முதல் சனி வரை காந்தி ரோட்டு லாட்ஜில்
நானும் எண்ணுகிறேன்.
ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளக் குடும்பங்களின்
வியர்வையில் ஒட்டிய நோட்டுகள்.
இரண்டு ரூபாய் உதைத்தால்
பிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டேன்.
இங்கே தசமபாகக் கவர் என்னைத் தாண்டிப் போகும்போது
கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பேரேட்டைக் கொடுங்கள்.
எழுதி, சுவரில் ஒட்டுகிறேன்:
எவ்வளவு வந்தது,
கடல் தாண்டியது எவ்வளவு,
தெபோராளின் வாடகைக்கு நின்றது எவ்வளவு.

நேர்காணல் அறைக்குக் கதவு வேண்டாம்.
பதினாலு வயதுப் பெண்ணின் பாவத்தைத் தனியே கேட்க
ஓர் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை?

அப்புறம் டீ.
போன மழைக்காலத்தில் மால்டாக்காரர் ஒருவர்
படியேறி வந்தார், கையில் பேப்பர் கப்.
மனைவிக்கு மறுநாள் ஆபரேஷன்.
“அதைக் கீழே போட்டுட்டு வாங்க” என்றோம்.
கீழே போனார். போனவர்தான்.
அந்தத் தலை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.
நான் நினைக்கிற சபையில்
வாசலில் ஒரு சின்ன மேஜை உண்டு,
கப் வைக்க.

இன்னொன்று. மெதுவாகச் சொல்கிறேன்.
கறுத்த தோலுக்கு ஆசாரியத்துவம் இல்லையென்று
நூறு வருஷத்துக்கு மேல் ஒரு கதவு சாத்திக் கிடந்தது.
திறந்தார்கள், சந்தோஷம்.
சாத்தியது யார் தப்பு என்றால் தொண்டையைச் செருமுகிறார்கள்.
மன்னிப்பு. ஐந்தே எழுத்து.
என் அப்பா பேரணாம்பட்டில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்.
உரித்துப் புரட்டினால்
எந்த மாட்டுக்கும் உள்பக்கம் ஒரே வெளுப்பு.
தோலைப் பற்றி எங்களுக்குப் பாடம் வேண்டாம்.

வம்சாவளித் தாளில் அவருக்கு மேலே
கட்டங்கள் எல்லாம் காலி.
மஸ்டர் ரோலில் தாத்தாவின் பெயர் ‘ஒத்தைக்கண்ணன்’.
குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு வரும்போது
கூட்டத்தை முட்டிக்கொண்டு முன்னால் நின்றவராம்.
செத்தவருக்காக நாம் தண்ணீரில் முழுகுகிறோமே,
அவரை மட்டும்
கேட்காமல் முழுக்காட்டாதீர்கள்.
கேட்க வழியில்லையென்றால்
விட்டுவிடுங்கள், காய்ந்தே இருக்கட்டும்.

ஃபேன் நின்றிருந்தது.
கரண்ட் எப்போது போனதென்று தெரியவில்லை,
மைக் எந்த வார்த்தையில் செத்ததென்றும்.
கிளைத் தலைவர் அருமைநாதன்
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார், ஆமென் என்றார்.

“டீ வரைக்கும் கேட்டுச்சு,” என்றாள் தெபோராள்.
“மிச்சத்த அடுத்த மாசம் சொல்லு.”

படியில் நெகேமியா பின்னாலேயே வந்தான்.
“அக்கா, அந்தக் கப்போட போனவரையும் சேத்து
முப்பத்திரண்டுன்னு எழுதட்டுமா?”

எழுதாதே.
வராதவரை வந்ததாக எழுதினால் அது பொய்க்கணக்கு.
கீழ்க்கடையில் பழைய மேஜை ஒன்று கிடக்கிறது,
கால் ஆடும்.
என்ன விலை சொல்கிறார்கள், கேள்.